ஆற்றங்கரை வீட்டில் வெள்ளம் வடிந்துவிட்டது, சுவரை எப்போது பூசலாம்?

கரையோரம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஆற்றை ஒட்டியே இருக்கிறது, வாசலுக்கும் கரைக்கும் நடுவில் நாற்பதடி கூட வராது. போன வாரம் வந்த வெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கி இரண்டு நாள் அப்படியே நின்றது, முந்தாநாள் காலையில்தான் வடிந்தது. இரவோடு இரவாக மாடிக்கு ஏறிவிட்டதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் படகில் வந்து கூட்டிப்போனார்கள்.

திரும்பி வந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, மரம் ஊறிப் பருத்துவிட்டது. ஜன்னல் வழியாக இறங்கித்தான் உள்ளே போனோம். சுவரில் மூன்று கோடுகள். மேல் கோடு என் நெஞ்சு உயரம், அதிலிருந்து ஒரு முழம் கீழே இன்னொன்று, முழங்காலை ஒட்டி மூன்றாவது. தண்ணீர் ஒரே மூச்சில் வடியாமல் நின்று நின்று இறங்கியிருக்கிறது என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. தரையில் கணுக்கால் அளவு வண்டல். அம்மாவின் தையல் மெஷின் கவிழ்ந்து கிடந்தது, நிமிர்த்தி வைத்ததும் ஊசி இறங்கும் ஓட்டையிலிருந்து சேறு கோடாக வழிந்தது. அம்மா அதைப் பார்த்ததோடு வெளியே போய் உட்கார்ந்தவர்தான், இன்னும் உள்ளே வரவில்லை.

அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. சீக்கிரம் கழுவி, சுவரைப் பூசி, வெள்ளையடித்துவிட்டால் அம்மா தேறிவிடுவார் என்கிறார். வேலை எடுத்துச் செய்கிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். எனக்கு எங்கோ இடிக்கிறது. சுவரைத் தொட்டால் பானையைத் தொடுவது போலச் சில்லென்று இருக்கிறது. இதன்மேல் பூசலாமா? வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி:

பத்து நாளில் பூசக்கூடாது தம்பி. கட்டட வேலையில் முப்பது வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன்.

பூச்சைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். ஆறு ஓடிய பக்கத்து மூலைகளில் அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு கம்பியை எடுத்துக் குத்தினாலே தெரியும். நின்ற தண்ணீரை விட ஓடும் தண்ணீர் பொல்லாதது, அதன் வேகம் இரண்டு மடங்கானால் சுவர்மேல் விழும் அடி நான்கு மடங்கு. மூலையில் மோதித் திரும்பும் இடத்தில் சுழன்று சுழன்று தோண்டிவிடும். மேலே வீடு நேராக நிற்கும், கீழே பள்ளமாக இருக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் உள்ளே படுக்கவே வேண்டாம், கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

அப்புறம் விரிசல். தலைமயிர் மாதிரி பூச்சில் மட்டும் ஓடுவதற்குப் பயப்பட வேண்டாம். செங்கல் வரிசையோடு படி படியாகச் சாய்வாக இறங்கும் விரிசல் இருந்தால் அது அஸ்திவாரம் இறங்குவதாக இருக்கலாம். விரிசலின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

இனி சுவர். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் பூச்சு பிடித்திருக்கிறது, பொக்கென்று கேட்டால் விட்டுவிட்டது. பொக்கென்று கேட்பதையெல்லாம் கொத்தி எடுத்துச் செங்கல்லைத் திறந்து போடுங்கள். கோட்டோடு நிறுத்தாதீர்கள், செங்கல் தண்ணீரை மேலே உறிஞ்சும், கோட்டுக்கு மேலேயும் ஓரடி ஒன்றரை அடிக்கு ஈரம் ஏறியிருக்கும். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். உங்கள் சுவர் 9 அங்குலமாக இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் திறந்து காற்றுப் பட்டால் சீக்கிரம் காயும், அப்போதும் மாதக்கணக்குதான், வாரக்கணக்கில்லை.

ஈரத்தின் மேல் பூசி பெயிண்டும் அடித்தால் ஒரு பருவம் பளிச்சென்று இருக்கும். அடுத்தது ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். அப்போது மறுபடியும் கொத்த வேண்டும். அப்பாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மெகர்:

பூச்சுக்கு முன்னால் கரண்டு. கரையோரம், நீங்கள் ஜன்னல் வழியாக இறங்கினேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. மெயின் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் ஈரத்தரையில் கால் வைக்காதீர்கள். தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடவும் வேண்டாம், மின்வாரியத்து ஆளை வைத்து வெளியே கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். தெருவில் கரண்டு இல்லை என்று அலட்சியமாக இருக்கக்கூடாது, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது தனியாக உயிரோடு இருக்கும், கூரையில் சோலார் இருந்தால் வெயில் படுகிற நேரமெல்லாம் அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கும்.

மூழ்கிய சுவிட்ச், பிளக், லோடு கூடினால் தானே விழும் எம்சிபி எல்லாம் காயவைத்தால் வேலை செய்வது போலத்தான் இருக்கும். நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். உள்ளே படிந்த வண்டல் அடுத்த மழைக்காலத்தில் ஈரம் வாங்கிக் கசிய ஆரம்பிக்கும். குழாய்க்குள் இருக்கும் வயரை எலக்ட்ரீசியன் மெகர் (வயரின் காப்பு கெட்டிருக்கிறதா என்று அளக்கும் கருவி) போட்டுப் பார்க்கட்டும், நல்ல அளவு காட்டினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் உருவிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். மறுபடி இணைப்புக் கொடுக்கும்போது கரண்டு கசிந்தால் உடனே தானே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பிளக் பாயிண்டுகளை மேல் கோட்டுக்கும் மேலே ஏற்றிவிடுங்கள், சுவர் எப்படியும் கொத்தித் திறந்துதானே கிடக்கப்போகிறது, காடி வெட்டும் வேலை பாதி மிச்சம்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் வீட்டுக்குள்ளேயோ வராந்தாவிலேயோ வைக்க வேண்டாம். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி வையுங்கள்.

கரையோரம்:

மெகர் அண்ணா, மெயினை அன்றைக்கே கம்பத்தில் துண்டித்துவிட்டார்கள், ஆனால் இன்வெர்ட்டரை யாருமே யோசிக்கவில்லை. இப்போது போய்க் கழற்றிவிட்டு வந்தேன். கை நடுங்கியது.

வீட்டைச் சுற்றியும் பார்த்தேன். ஆற்றுப்பக்க மூலையில் ஒரு முழ ஆழத்துக்கு மண் போயிருக்கிறது, அஸ்திவாரக் கல் தெரிகிறது, ஆனால் கல்லுக்குக் கீழே கம்பி இறங்கவில்லை. பொறியாளரை வரச் சொல்லியிருக்கிறோம். நிலப் பத்திரமும் போட்டோ ஆல்பங்களும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன, எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது. பிரித்துப் பார்க்கட்டுமா?

பழுப்புத்தாள்:

பிரிக்காதீர்கள், தயவுசெய்து. ஈரத்தாளை இழுத்தால் கிழியும். ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன், இதுதான் என் தொழில்.

ஈரத்தாளில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், உங்களுக்கு ஏற்கெனவே தாமதம். அதனால் பத்திரத்தை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வேலை செய்கிற ஒரு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், உறவுக்காரர் வீட்டிலாவது. உறைந்துவிட்டால் பூஞ்சையும் நிற்கும், மையும் மேற்கொண்டு பரவாது. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து இளக விட்டு, தாளுக்குத் தாள் நடுவே உறிஞ்சும் வெள்ளைத்தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். வெயிலில் போட்டால் சுருண்டு போகும்.

போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் அநேகமாகப் போனதுதான், அதனால் காய விடாதீர்கள். ஒட்டிய கட்டை நல்ல தண்ணீரில் ஊறப் போட்டால் மெல்லத் தானே விட்டுக்கொடுக்கும். படத்தின் முகத்தை விரலால் தேய்க்காமல், தண்ணீரிலேயே அலசி, படம் மேலே பார்க்கும்படி வெள்ளைத்தாள்மேல் பரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால் மிச்சத்தையும் ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். காய்வதற்கு முன்பே ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், மூலம் போனாலும் முகம் மிஞ்சும்.

இரவுப்பணி:

மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டல் அள்ளும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்கள், காலில் சின்ன வெட்டு இருந்தாலும் இறங்காதீர்கள். ஆணி குத்தினால் டெட்டனஸ் ஊசி பற்றி அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். வெள்ளத்தில் நடந்த ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுவிட்டு இருக்காமல், வெள்ளத்தண்ணீரில் நின்றேன் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை அவர் நினைத்துப் பார்க்க அந்த ஒரு வார்த்தை போதும்.

பிளீச்சிங் கரைசலை டாய்லெட் கழுவும் ஆசிட்டோடோ அமோனியா இருக்கும் எதனோடோ கலக்கவே கலக்காதீர்கள், வரும் வாயு நுரையீரலை எரித்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு அப்படி மூச்சு வாங்கியபடி வருபவர்களை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் பூஞ்சை படிந்த அறைப்பக்கம் வரவே வேண்டாம். மெத்தையும் தலையணையும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போகட்டும். கிணறோ போரோ இருந்தால் சேறு நீக்கி, குளோரின் போட்டு, பரிசோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரை வாயில் வைக்க வேண்டாம்.

மேட்டுநிலம்:

எல்லோரும் சுவர் காய்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கேட்கிறேன், அங்கே மறுபடி ஏன் இருக்க வேண்டும்?

மனசு புண்படச் சொல்லவில்லை, நாங்களும் ஆற்றோரத்தில் இருந்தவர்கள்தான். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று அதிகாரிகள் சொன்னார்கள், அப்படியென்றால் என் காலத்தில் இனி வராது என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அது தப்பு. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் அர்த்தம், போன வருடம் வந்துவிட்டது என்று இந்த வருடம் விட்டுவைக்காது. முப்பது வருடம் அந்த வீட்டில் இருந்தால் ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு, நாலில் ஒன்று. எங்களுக்கு ஆறு வருடத்தில் இரண்டாவது தடவை வந்தது.

நெதர்லாந்தில் 1995-இல் ஆறுகள் நிரம்பியபோது சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கரையை உயர்த்திக்கொண்டே போனால் போதாது என்று பிறகு முடிவெடுத்து, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், கரையைப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். ஓரிடத்தில் விவசாயக் குடும்பங்கள் மேடு எழுப்பி அதன்மேல் வீட்டை மாற்றிக்கொண்டன. ஆஸ்திரேலியாவில் கிரான்தம் என்ற சிற்றூர் 2011 வெள்ளத்துக்குப் பிறகு மனைக்கு மனை என்று மாற்றிக்கொண்டு பக்கத்து மேட்டுக்கே குடிபெயர்ந்தது. தண்ணீருக்கு வாழ்நாளெல்லாம் பழகியவர்களே விலகிப் போயிருக்கிறார்கள். பூச்சுக்கும் வயருக்கும் கொட்டுகிற பணத்தை மேட்டில் ஒரு மனைக்குப் போடுங்கள் தம்பி.

கரையோரம்:

நீங்கள் சொல்வது எனக்குப் புரியாமலில்லை. நேற்று ராத்திரி இதை வீட்டில் பேச்செடுத்தேன். அப்பா பதிலே சொல்லவில்லை. எழுந்துபோய்ப் படித்துறையில் ரொம்ப நேரம் நின்றார். அந்தப் படித்துறைக் கல் அவருடைய அப்பா சுமந்து வந்து போட்டது. விற்கலாம் என்றாலும் இந்த மூன்று கோட்டைப் பார்த்துவிட்டு யார் வாங்குவார்கள், அப்படியே வாங்கினாலும் இன்னொரு குடும்பத்தை இதே தண்ணீரில் தள்ளிவிட்டு நாங்கள் மேட்டில் தூங்க முடியுமா என்று அம்மா கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாம்தளம்:

மேட்டுநிலம் சொல்வது சரிதான், ஆனால் எல்லோராலும் உடனே கிளம்ப முடியாது, அதுவும் சரிதான். கிளம்புகிற வரைக்கும் இருக்கிற வீட்டைத் தண்ணீர் வந்து போகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் பதினோரு வருடமாக இருக்கிறோம். படுக்கை, பீரோ, பத்திரம் எல்லாம் மாடியில். கீழே கழுவிவிடக்கூடிய தரையும் சுவரும், தூக்கி நகர்த்தக்கூடிய சாமான்களும் மட்டும். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு போட்டோம், ஏனென்றால் வெள்ளம் வாசலுக்கு வரும் முன்பே கழிவறை வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

வாசலை முழுக்க அடைத்து ஆற்றை வெளியே நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. வெளியே நெஞ்சு உயரத்துக்கு நிற்க, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தால் சுவரே உள்ளே விழுந்துவிடும். ஓர் உயரத்துக்கு மேல் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவதுதான் வீட்டைக் காப்பாற்றும். செப்டிக் டேங்கையும் சம்ப்பையும் மண் ஊறியிருக்கும்போது முழுக்க இறைக்க வேண்டாம், காலித் தொட்டி படகு மாதிரி மண்ணுக்குள்ளிருந்து மேலே எழும்பிவிடும், குழாயெல்லாம் முறியும்.

பிறகு அந்தத் தையல் மெஷின். மெத்தையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மோட்டார் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு, ஷட்டில், பாபின் கேஸ், ஊசித்தட்டு எல்லாவற்றையும் கழற்றி முதலில் நல்ல தண்ணீரிலேயே மண் போகக் கழுவுங்கள். எண்ணெயை முதலில் விட்டால் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அரத்தூள் மாதிரி தேய்த்துவிடும். உடனே துடைத்து உலர்த்தி, மண்ணெண்ணெயில் பிரஷ் தொட்டுச் சுத்தம் செய்து, கடைசியாகத்தான் மெஷின் எண்ணெய். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள், இறுகினால் பலம் கொடுக்க வேண்டாம், ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் சுற்றுங்கள்.

கரையோரம்:

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். வேலை, அலைச்சல் என்று இந்தப் பக்கம் வரவே முடியவில்லை.

பொறியாளர் பார்த்தார். அஸ்திவாரத்துக்கு ஆபத்தில்லை, அரித்த மூலையில் கல்லடுக்கி மண்ணைக் கெட்டித்து நிரப்பச் சொன்னார், செய்துவிட்டோம். பத்திரம் பிழைத்தது. ஆல்பத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது, அம்மாவின் கல்யாணப் படங்களில் இரண்டு மட்டும் முகம் கரைந்துபோயின. பூச்சைத் தலை உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டோம். அப்பா முதல் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை, வீடு எலும்புக்கூடாக நிற்கிறதே என்று மட்டும் ஒருநாள் சொன்னார். அப்புறம் அவரே தினமும் காலையில் உள்ளங்கையை வைத்து ஒவ்வொரு சுவராகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், கையாலேயே எது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்கிறார்.

மெஷினை அம்மாதான் ஓட்டினார். நான் மூன்று நாள் கழுவி, எண்ணெய் விட்டு, சக்கரம் அரைச்சுற்றுக்கு மேல் போகாமல் விட்டுவிட்டேன். நாலாம் நாள் அவர் வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ஊசித்தட்டுக்கு அடியில் ஒரு கொண்டையூசியை விட்டு நெண்டினார், நெல் அளவுக்கு ஒரு மணல் உருண்டை வந்தது. சக்கரம் சுற்றியது. வெள்ளத்துக்குப் பிறகு அம்மா கீழ்த்தளத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இப்போது கேள்வி. நீங்கள் யாரும் சொல்லாமலேயே நான் ஒரு சோதனை செய்தேன், சுவரில் ஒரு முழச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். மற்ற சுவர்களில் உள்ளே முத்து பிடிக்கவில்லை, ஆனால் வடக்குச் சுவரில் மட்டும் தாளுக்குள் வியர்த்துக் கொட்டுகிறது. மூன்று மாதம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அது ஆற்றுப்பக்கம் கூட இல்லை, வெயில் குறைவு என்பதால்தானா? இன்னும் காத்திருப்பதா?

கொத்துக்கரண்டி:

வெயில் குறைந்தால் மெதுவாகக் காயும், காயாமலே இருக்காது. மூன்று மாதமாக ஒரே அளவில் ஈரம் இருக்கிறதென்றால் அது வெள்ளத்தின் ஈரமில்லை, அதற்குத் தினமும் எங்கிருந்தோ தண்ணீர் கிடைக்கிறது. அந்தச் சுவருக்கு வெளியே பூமிக்குள் என்ன போகிறது? குழாய் எதுவும் இருந்தால் தோண்டிப் பாருங்கள்.

கரையோரம்:

நேற்று தோண்டினோம் ஐயா. வடக்குச் சுவரை ஒட்டித்தான் குளியலறையிலிருந்து கழிவுநீர்க் குழாய் போகிறது. இரண்டடி ஆழத்தில் குழாய்க்கு அடியில் மண்ணே இல்லை, வெள்ளம் உருவிக்கொண்டு போயிருக்கிறது, குழாய் தொங்கி இணைப்பு நாலு விரல்கடை விலகியிருந்தது. நாலு மாதமாக நாங்கள் குளித்த தண்ணீரெல்லாம் நேராக அஸ்திவாரத்தில் இறங்கியிருக்கிறது. அப்பா குழிக்குள் இறங்கி அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார், மேலே ஏறி வந்து, பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தவருக்குப் போன் செய்து, இந்த வருடம் பூச்சு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மணலும் ஜல்லியும் போட்டுக் கெட்டித்து, புதுக் குழாய் பதித்து, இரண்டாம்தளம் சொன்ன வால்வையும் சேர்த்து இன்று மதியம் மூடினோம். பிளாஸ்டிக் தாளை மாற்றி ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். மேட்டில் ஒரு மனை விலைக்கு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அம்மாதான் கேட்டார், அப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.